வீட்டுத் திரையில் ஓர் எல்லைச் சாவடி

கணினி விளையாட்டுகள் பற்றி ஒஸ்லோவிலிருந்து ஒரு தந்தையின் மதிப்பீடு

மார்கழி மாதத்தில் ஒஸ்லோவின் பகற்பொழுது பிற்பகல் மூன்றரை மணிக்குள் முடிந்துவிடும். குறூருட் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் வாழும் எம்மவர் வீடுகள் பலவற்றில் அந்நேரத்தில் ஒரே காட்சிதான். பெற்றோரில் ஒருவர் துப்புரவு வேலைக்கோ உணவகத்துக்கோ புறப்பட்டிருப்பார். மற்றவர் அடுப்படியில் நிற்பார். பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினியின் முன் அமர்ந்திருக்கும். அத்தகைய ஒரு மாலையில், பதினான்கு வயதான என் மகனின் அறையிலிருந்து உலங்குவானூர்தியின் இரைச்சலும் அதனைத் தொடர்ந்து வேட்டொலியும் கேட்டன. கையிலிருந்த தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கி நிற்கிறேன் என்பதைச் சற்றுக் கழித்தே உணர்ந்தேன்.

அன்றிரவு அந்தக் கணினியை வீட்டைவிட்டே அகற்றிவிட வேண்டுமென்று துணிந்தேன். என் மனைவிதான் தடுத்தார். "என்னவென்று பார்க்காமலே தடை செய்தால், எங்களுடைய புத்தகங்களைத் தடை செய்தவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தவனுக்கு அதற்கு மறுமொழி இருக்கவில்லை. ஆகவே அக்குளிர்காலம் முழுவதும் மகனுக்கு அருகே ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். பார்த்தேன், பின்னர் நானே விளையாடினேன். அவ்வனுபவத்தின் பயனே இக்கட்டுரை.

எனக்கு இதில் முன்பயிற்சி ஏதுமில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலி கேட்ட தலைமுறை எமது. எமது விளையாட்டு கிளித்தட்டும் கிட்டியும். என் விரல்கள் விசைப்பலகையில் தடுமாறியபோதெல்லாம் மகன் சிரித்தான். ஆசிரியனாக இருந்தவன் மாணவனாகும்போது பிள்ளை நன்றாகவே பேசத் தொடங்குகிறது என்பதை அப்போதுதான் கண்டேன்.

வேட்டொலி விளையாட்டுகள்

முதலில் என்னைச் சுவரோடு ஒதுங்கச் செய்த 'கோல் ஒஃப் டியூட்டி'. இதன் தொழில்நுட்பம் வியப்புக்குரியதே. ஆனால் இதிலே இறப்பவனுக்குத் தாய் இல்லை, ஊர் இல்லை, எட்டுச் செலவு இல்லை. சுடப்பட்டவன் சில விநாடிகளில் மீண்டும் எழுந்து ஓடுகிறான். போரை அறிந்தவனுக்கு இதைவிடப் பெரிய பொய் வேறில்லை. இதை விளையாடும் பிள்ளை கொலைகாரனாகிவிடும் என்று நான் கூறவில்லை. போர் இப்படித்தான் இருக்கும் என்று அது நம்பிவிடக்கூடாது என்பதே என் கவலை.

நோர்வே நாட்டவருக்கும் இக்கவலை புதிதன்று. 2011 ஜூலை 22 அன்று ஒஸ்லோவின் அரசு அலுவலகத் தொகுதியிலும் உத்தெயா தீவிலும் 77 பேர் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் கூப் என்னும் கூட்டுறவு அங்காடி நிறுவனம் 51 விளையாட்டுகளையும் பொம்மைத் துப்பாக்கிகள் சிலவற்றையும் தற்காலிகமாக விற்பனையிலிருந்து விலக்கியது. கொலையாளி 2012 இல் நீதிமன்றத்தில் தான் விளையாடிய விளையாட்டுகளைப் பற்றி நீண்ட நேரம் பேசினான். அவற்றுள் ஒன்றின் பெயர் இக்கட்டுரையின் பிற்பகுதியில், முற்றிலும் வேறொரு மனிதரோடு சேர்ந்து, மீண்டும் வரும்.

இரண்டு உலகங்களுக்கு இடையே

கணினி விளையாட்டு என்றாலே அமெரிக்காவும் ஜப்பானும் என்று எண்ணியிருந்தேன். இந்த ஒஸ்லோ நகரிலேயே 1993 இல் ஃபன்கொம் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டதும், 1999 இல் அது 'மிக நீண்ட பயணம்' என்ற பொருள்படும் விளையாட்டு ஒன்றை வெளியிட்டதும் மகன் சொல்லித்தான் தெரியும். ராக்னார் தோர்ன்குவிஸ்ற் என்பவர் அதன் கதையை வடிவமைத்தார். கதாநாயகி ஏப்ரல் றயன் ஓவியம் பயிலும் இளம்பெண். கொடுமைக்காரத் தந்தையின் வீட்டைவிட்டு வெளியேறியவள். அறிவியல் ஆளும் உலகொன்றுக்கும் மாயம் ஆளும் உலகொன்றுக்கும் இடையே அவள் போய்வருகிறாள். இங்கே துப்பாக்கி வேகம் பயன்படாது. உரையாடலும் பொறுமையுமே வேண்டும். சில இடங்களில் உரையாடல் எம்மூர் நாட்டுக்கூத்தைப் போல விடியும்வரை நீள்கிறது என்பது குறை. ஆயினும் மொழி கற்போருக்கு அதுவே நன்மை. இதன் நோர்வேஜிய மொழிப் பதிப்பும் உண்டு. புதிதாக வந்து மொழிவகுப்புக்குச் செல்வோர் முயன்று பார்க்கலாம்.

முத்திரை குத்துபவனின் நாற்காலியில்

என்னை உலுக்கியது 2013 இல் லூக்காஸ் போப் என்னும் தனி மனிதர் உருவாக்கிய 'பேப்பர்ஸ் பிளீஸ்'. 'பத்திரங்களைத் தாருங்கள்' என்பது அதன் பொருள். வண்ணங்கள் மங்கலானவை, உருவங்கள் கரடுமுரடானவை. 1982 ஆம் ஆண்டு, கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடி. விளையாடுபவர் அகதியல்லர், அவரே அதிகாரி. வரிசையில் வருவோரின் கடவுச்சீட்டையும் அனுமதிப் பத்திரத்தையும் ஒப்பிட்டுப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்தவேண்டும். எத்தனை பேரைப் பார்த்து முடிக்கிறாரோ அத்தனைக்கே கூலி. அதிலேதான் வாடகையும், வீட்டுக்கு வெப்பமும், உணவும், மருந்தும். தவறு விட்டால் எச்சரிக்கைத் துண்டு வரும். தவறுகள் தொடர்ந்தால் கூலி வெட்டப்படும்.

ஒரு கணவன் வருகிறான். அவனுடைய பத்திரங்கள் சரியாக உள்ளன. பின்னால் வரும் மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை. அவளை விட்டால் எனக்கு எச்சரிக்கை. விடாவிட்டால் அக்குடும்பம் பிரியும். நான் விட்டேன். ஆனால் ஐந்தாறு நாள்கள் கடந்து, என் திரைக்குடும்பத்துப் பிள்ளை நோயுற்றுக் கிடக்கையில், நான் வேகமாக முத்திரை குத்தத் தொடங்கியிருந்தேன். ஒருவனின் இரண்டு பத்திரங்களில் பெயர்கள் பொருந்தவில்லை. சிவப்பு முத்திரையைக் குத்திவிட்டு அடுத்தவனை அழைத்தேன். அப்போதுதான் கை நின்றது.

தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பத்திரத்தில் தந்தையின் பெயர் முன்னால் நிற்கும். மற்றொன்றில் பின்னால் நிற்கும். பிறேதொன்றில் முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். நான் வந்த வழியில் ஒரு நாட்டின் அலுவலகம் ஒன்றில், இந்த ஒரே காரணத்துக்காகச் சிறிய அறையொன்றில் மணிக்கணக்கில் இருத்தி வைக்கப்பட்டேன். "இரண்டு பெயருள்ள நீர் உண்மையில் யார்?" என்று கேட்டவரின் முகத்தை நான் மறக்கவில்லை. இப்போது அந்த முகத்தில் நானே இருந்தேன். மகன் என் முகத்தைப் பார்த்து, "அப்பா, உங்களையும் இப்படிக் கேட்டவையா?" என்றான். பதினான்கு ஆண்டுகளில் அவன் கேட்ட முதற் கேள்வி அது. அன்றிரவு நான் வந்த கதையை முதன்முறையாக முழுவதும் சொன்னேன்.

இவ்விளையாட்டில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அதிகாரியின் பசியும் அச்சமும் நமக்குப் புரிகின்றன, புரியத்தான் வேண்டும். ஆனால் சிவப்பு முத்திரை பெற்றவர்களிற் பெரும்பாலானோர் திரையை விட்டு நடந்து மறைகின்றனர். அதன் பின்னர் அவர்கள் எங்கே சென்றனர் என்று கதை கேட்பதில்லை. எமது மக்களுக்கோ வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது.

முற்றுகைக்குள் ஒரு வீடு

போலந்து நாட்டின் 11 பிட் ஸ்ரூடியோஸ் 2014 இல் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்', 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையை அடிப்படையாகக் கொண்டது. இதன் மாந்தர் போர்வீரர் அல்லர். இடிந்த வீடொன்றில் ஒண்டியிருக்கும் பொதுமக்கள். பகலில் அடுப்பையும் கட்டிலையும் திருத்துவர். இரவில் உணவு தேடி வெளியே போவர். தனித்திருக்கும் முதிய தம்பதியரின் மருந்தைத் திருடினால் உயிர் பிழைக்கலாம்; ஆனால் திருடியவன் மறுநாள் எழுந்திருக்க மனமின்றிக் கிடப்பான். பசியையும் குற்றவுணர்வையும் இத்துணை நேர்மையாகக் காட்டிய விளையாட்டை நான் காணவில்லை. 2020 இல் போலந்து அரசு இதனைப் பாடசாலைகளுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது பொருத்தமே. ஆனால் என்னால் இதனை முடிக்க இயலவில்லை. அண்மையில் முகாமிலிருந்து வெளிவந்தவர்கள் இரவில் தனியே இதனை விளையாட வேண்டாம் என்று உரிமையோடு கூறுவேன்.

நோர்வேயின் சொந்தக் காயம்

ஹாமார் நகரின் சரெப்தா ஸ்ரூடியோ 2018 இல் வெளியிட்ட 'மை சைல்ட் லேபன்ஸ்போர்ன்' எம்மவர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய ஒன்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நோர்வேயைக் கைப்பற்றியிருந்த 1940 முதல் 1945 வரையான காலத்தில், ஜெர்மன் படையினருக்கும் நோர்வேப் பெண்களுக்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. போர் முடிந்தபின் அக்குழந்தைகளும் தாய்மாரும் பட்ட அவமதிப்பு கொஞ்சமன்று. விளையாடுபவர் அத்தகைய குழந்தையொன்றை, கரின் என்ற சிறுமியையோ கிளவுஸ் என்ற சிறுவனையோ, வளர்க்கவேண்டும். சமைக்கவும், குளிப்பாட்டவும், கதை சொல்லவும் வேண்டும். நேரமும் பணமும் ஒருபோதும் போதாது. குழந்தை ஒருநாள் கிழிந்த உடையோடு பள்ளியிலிருந்து திரும்பி மௌனமாக நிற்கும். அதனிடம் பேச அன்று உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்பதே விளையாட்டு.

இரண்டு வேலைக்குச் செல்லும் எம் பெற்றோருக்கு இதைவிட நெருக்கமான கதை உண்டா? இவ்விளையாட்டு 2019 இல் பிரித்தானியாவின் பஃப்ரா விருதைப் பெற்றது. அது வெளிவந்த அதே 2018 இல், அன்றைய பிரதமர் ஏர்னா சூல்பர்க், ஜெர்மன் படையினரோடு உறவு கொண்டமைக்காகத் தண்டிக்கப்பட்ட பெண்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த மன்னிப்புத்தான். ஆயினும் ஓர் அரசு தன் தவற்றைச் சொல்லால் ஒப்புக்கொண்டதைக் காணும்போது, அத்தகைய ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் எம் தாய்மாரை நினையாதிருக்க முடியவில்லை.

புட்டுக்குழலும் நீத்துப்பெட்டியும்

தமிழ்ப் பெயரோடு ஒரு விளையாட்டு வந்திருக்கிறது என்று மகனே என்னை அழைத்துக் காட்டினான். ரொறன்ரோ நகரின் விசை கேம்ஸ் 2023 இல் வெளியிட்ட 'வெண்பா' அது. 1980 களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்னும் தாய், அவர் கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. தாயின் சமையல் ஏட்டில் எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. இட்டலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதை விளையாடுபவரே ஊகித்தறிய வேண்டும். மகன் வளர வளரத் தமிழிலிருந்து விலகுகிறான். தாயின் கைச்சமையலும் அவனுக்கு அந்நியமாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இச்சிறு படைப்பு 2024 இல் அறிமுகப் படைப்புக்கான பஃப்ரா விருதைப் பெற்றது.

இதனைப் பார்த்து என் மனைவி கண் கலங்கினார். எனக்கும் மகிழ்ச்சியே, ஆனால் இது எமது கதையின் பாதி. அவர்கள் வேலை தேடிக் குடிபெயர்ந்தவர்கள். விட்டுவந்த வாசல் அவர்களுக்குத் திறந்தே கிடந்தது. எமது வாசலோ, பலருக்கு வீட்டோடு சேர்த்தே இல்லாமற் போயிற்று. இன்னொன்றும் உண்டு. அதிலே அவிவது குழற்புட்டு. "அப்பம்மாவும் குழலிலா அவித்தவ?" என்று மகன் கேட்டான். இல்லை, பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியில் என்றேன். அவன் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. தாளொன்றில் வரைந்து காட்டினேன்.

ஒரு தந்தை அறியாதது

முன்னர் குறிப்பிட்ட பெயருக்கு வருகிறேன். ஜூலை 22 கொலையாளி ஓராண்டு காலம் இரவும் பகலுமாக விளையாடியதாகக் கூறியது 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிறாஃப்ற்'. இதே ஒஸ்லோவில், இதே விளையாட்டை, மாட்ஸ் ஸ்டேன் என்னும் இளைஞரும் விளையாடினார். தசைகள் நாளுக்கு நாள் செயலிழக்கும் நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர், 2014 இல் 25 வயதில் காலமானார். மகன் தனிமையில் வாழ்ந்து மறைந்தான் என்றே பெற்றோர் வருந்தினர். அவருடைய வலைப்பதிவில் தந்தை மரணச் செய்தியை இட்டார். அதன் பின்னர் முன்பின் அறியாதவர்களின் கடிதங்கள் குவிந்தன. திரையில் இபெலின் என்ற பெயரோடு அவர் உலவியதும், பலருக்கு ஆறுதலாகவும் ஆலோசகராகவும் இருந்ததும் அப்போதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. பிற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் நண்பர்கள் இறுதிச் சடங்குக்கு வந்தனர். பெஞ்சமின் றே இயக்கிய ஆவணப்படம் ஒன்று 2024 இல் இக்கதையை உலகறியச் செய்தது.

ஒரே விளையாட்டு, இரண்டு மனிதர்கள். ஆகவே விளையாட்டின் மீது மட்டும் பழியைப் போடுவது எளிதன்று. மாட்ஸின் பெற்றோர் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும் கதவுக்கு அப்பால் என்ன நிகழ்ந்தது என்பதை அவர்கள் மகன் இறந்தபின்னரே அறிந்தனர்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் சிறிது. பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள 3, 7, 12, 16, 18 என்னும் வயதெண்ணைப் பாருங்கள். அது அலங்காரத்துக்காக இடப்பட்டதன்று. விலை கொடுத்து வாங்க வசதியில்லையெனில், ஒஸ்லோவின் டைக்மான் நூலகங்களில் புத்தகத்தைப் போலவே விளையாட்டுகளையும் இரவல் பெறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரத்தில் ஒரு மாலையாவது பிள்ளைக்கு அருகே நாற்காலியைப் போட்டு அமருங்கள். தோற்றுப்போவீர்கள், பாதகமில்லை.

நான் வரைந்த நீத்துப்பெட்டியை மகன் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். பள்ளியில் கணினி நிரல் எழுதப் பழகுகிறானாம். போனவாரம் கேட்டான்: "அப்பா, ஆவி எந்தப் பக்கத்தாலை வரும்?"