மறைக்கல்வி வகுப்பில் பெற்றோருக்கும் ஓர் இடம்

ஞாயிறு பூசை முடிந்து பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போனதும், டீ டம்ளரோடு மரத்தடியில் காத்திருக்கும் பெற்றோர் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஒன்றுதான். "புதுநன்மை வாங்குகிறவரைக்கும் ஒழுங்காக வந்தான். உறுதிபூசுதலுக்குப் பிறகு கோயில் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்களோ!"

அந்த வருத்தம் உண்மையானது. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் பிள்ளை மறைக்கல்வி ஆசிரியரிடம் இருப்பது ஒரு மணி நேரம். அவரும் வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு, கிடைக்கும் ஒரு விடுமுறை நாளைச் சம்பளம் வாங்காமல் கொடுக்கிறவர். மீதி 167 மணி நேரமும் வீட்டில் செபமோ கடவுளைப் பற்றிய பேச்சோ இல்லையென்றால், அந்த ஒரு மணி நேரப் பாடம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் இன்னொரு பாடமாகத்தான் இருக்கும். பாடம் முடிந்தால் பள்ளியை விட்டுப் போவது இயல்புதானே?

திருமுழுக்கு நாளை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்ட கையோடு, இவனை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறீர்களா என்று குருவானவர் கேட்டது பெற்றோரிடம்தான். அதற்குத் துணை நிற்பீர்களா என்பதுதான் ஞானப்பெற்றோரிடம் கேட்ட கேள்வி. மறைக்கல்வி ஆசிரியர் அந்த இடத்திலேயே இல்லை. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்தது. வீட்டில் நடக்கும் மறைக்கல்வியே மற்ற எல்லா மறைக்கல்விக்கும் முன்னால் வருகிறது, அவற்றோடு கூடவே நடந்து அவற்றை வளப்படுத்துகிறது என்று 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். பங்கு செய்வது துணை வேலை. நாம் துணை வேலையை முழு வேலையாக நினைத்து, பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போகிறோம்.

"எனக்கே மந்திரம் பாதி மறந்துபோச்சு, நான் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க?" என்று தயங்குகிறவர்கள் உண்டு. இந்தத் தயக்கத்துக்கு முத்துக்குளித்துறையில் பதில் இருக்கிறது. 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தபோது, திருமுழுக்குப் பெற்றிருந்த பெரியவர்களுக்கே செபங்கள் தெரியாது. அவர் உதவிக்கு ஆள் வைத்துச் செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டே தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளிடம் சொன்னதாக 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார். 1578இல் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் மறைக்கல்வி நூல் வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னால் நடந்தது இது. விசுவாசம் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு மட்டும் போக வேண்டும் என்பதில்லை. பிள்ளையிடம் கேட்டுக் கற்பதில் எந்தத் தகப்பனுக்கும் கௌரவக் குறைவில்லை.

தகப்பன் என்று சொன்னது யோசித்துத்தான். வெர்ன் பெங்ட்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் தென் கலிபோர்னியாவில் 1970 முதல் 35 ஆண்டுகள் ஒரே குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரின் பக்தி மட்டும் பிள்ளைகளிடம் போய்ச் சேர்வதில்லை, பாசமும் கூட வேண்டும், குறிப்பாக அப்பாவின் பாசம் என்று அவர் கண்டார். தினமும் முழங்கால் போடும் அப்பா பிள்ளையிடம் எப்போதும் கடுகடுவென்றிருந்தால், அவருடைய பக்தி பெரும்பாலும் அவரோடு நின்றுவிடுகிறது. தாத்தா பாட்டியின் பங்கையும் அந்த ஆய்வு எடுத்துச் சொல்கிறது. அமெரிக்கக் குடும்பம் வேறு, நம் குடும்பம் வேறு என்பது சரி. ஆனாலும் 'செபமாலை நேரத்தில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துதான் செபம் கற்றேன்' என்று நம்மில் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'வகுப்பில் கற்றேன்' என்று சொல்கிறவர்கள் குறைவு.

விசுவாசத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்க நம்மிடம் வழிகள் ஏராளம். குருத்து ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாகப் பின்னச் சொல்லிக்கொடுப்பது தாத்தா. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றும்போது, தான் பார்த்தேயிராத பூட்டியின் பெயரைப் பிள்ளை வாசிக்கிறது, இறந்தோருக்காக ஏன் செபிக்கிறோம் என்று அங்கேயே கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அதைவிட நல்ல இடம் எது? டிசம்பரில் குடில் கட்டும்போதும் அப்படித்தான். இவை எல்லாவற்றிலும் மூன்று தலைமுறையும் ஒரே வேலையில் கைவைக்கிறது.

வீட்டில் நடப்பதைப் பங்கிலும் செய்யலாம். அமெரிக்காவில் சில பங்குகளில் மாதம் ஒருமுறை குடும்பம் முழுவதையும் அழைக்கிறார்கள். சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து செபித்து, ஒரே பொருளை வயதுவாரியாகப் பிரிந்து கற்று, திரும்பக் கூடிப் பகிர்ந்துகொள்கிறார்கள். நாம் புதிதாக எதையும் தொடங்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியம் நமக்கு இருக்கிறது. ஆனால் பல அன்பியக் கூட்டங்களில் தாய்மார் மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் டியூஷனில், ஆண்கள் வெளியே. மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது எல்லோரும் வரக்கூடிய நேரத்துக்கு மாற்றி, அந்த மாத மறைக்கல்விப் பாடத்தையே அங்கே பேசலாம். பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும் மனம் வைத்தால் இதற்குச் செலவே கிடையாது. 2021 முதல் ஜூலை நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாள். அன்று சால்வை போர்த்துவது நல்லதுதான். கூடவே அவர்களை மறைக்கல்வி வகுப்புக்குள் அழைத்து, தங்கள் புதுநன்மை நாளைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிறு பிள்ளையை வகுப்பில் விடும்போது ஒரு நிமிடம் நின்று, இன்றைக்கு என்ன பாடம் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இரவு செபத்தின்போது அதைப் பாட்டிக்குச் சொல்லும்படி பிள்ளையிடம் சொல்லிவிட்டு, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.