ஒரு சுற்றுக்கு எத்தனை உதறல்?

பழைய டீசல் பிக்கப் ஒன்று பெரிய வேலை முடிந்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே வருகிறது. டைமிங் பெல்ட் மாற்றியாயிற்று, கிளட்ச் புதுசு, நாசில்கள் சர்வீஸ் ஆகிவிட்டன. புகை இல்லை, இழுவையும் நன்றாக இருக்கிறது. ஆனால் முன்பு இல்லாத ஓர் உதறல் வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்து வழக்கமாக நடப்பது, சந்தேகப்பட்ட பாகத்தையெல்லாம் வரிசையாக மாற்றுவது. முதலில் மவுண்டிங், அப்புறம் டயர், அப்புறம் மறுபடி கிளட்ச். பணம் கரைகிறது, உதறல் அப்படியே இருக்கிறது.

எதையும் வாங்குவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: எது சுற்றும்போது, ஒரு சுற்றுக்கு எத்தனை முறை உதறுகிறது? சக்கரம், ஷாஃப்ட், எஞ்சின் மூன்றும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுகின்றன. கோளாறு எதில் இருக்கிறதோ, அதன் கணக்கில்தான் அதிர்வும் வரும். இந்தக் கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் எஞ்சினையும் சாலையையும் பிரிக்க வேண்டும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் மெல்ல ஆக்சிலரேட்டரை ஏற்றிப் பாருங்கள். ஓட்டும்போது எந்த ஆர்.பி.எம்.மில் உதறியதோ அதே இடத்தில் நின்றபடியும் உதறினால், சக்கரத்தையும் ஷாஃப்ட்டையும் விட்டுவிடலாம். நிற்கும்போது வராவிட்டால், காலியான சமதளச் சாலையில் உதறல் வரும் வேகத்துக்குப் போய், கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். எஞ்சின் ஐடிலிங்குக்கு இறங்கிய பிறகும் உதறல் தொடர்ந்தால் கோளாறு கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. இந்தச் சோதனையில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கவே கூடாது. பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கிற உதவி எஞ்சினிலிருந்துதான் வருகிறது.

எஞ்சின் பக்கம் என்று தெரிந்துவிட்டால், கணக்கு இன்னும் கூர்மையாகும். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிகிறது. ஐடிலிங் 750 ஆர்.பி.எம். என்றால் விநாடிக்குப் பன்னிரண்டரைச் சுற்று. ஒரு நாசில் மட்டும் சரியாகத் தெளிக்காவிட்டால் அந்தத் தடுமாற்றம் விநாடிக்குச் சுமார் ஆறு முறை வரும். கையால் தொட்டே உணரக்கூடிய, குலுக்கிப் போடுகிற மெதுவான ஆட்டம் இது. வேகம் ஏறினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

சுற்றுக்கு ஒன்று என்று வந்தால் எடை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஃபிளைவீல், அதன்மேல் பூட்டிய பிரஷர் பிளேட், கிராங்க் புல்லி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கிளட்ச் பெடலை மிதித்தும் மாறாவிட்டால் ஃபிளைவீலோ பிரஷர் பிளேட்டோ கிராங்க் புல்லியோ. மிதித்ததும் நின்றுவிட்டால் கிளட்ச் பிளேட்டோ கியர் பாக்ஸோ.

சுற்றுக்கு இரண்டு என்பதுதான் சுவாரசியமானது. கிராங்க் கால் சுற்று திரும்பும்போது பிஸ்டன் பாதி தூரம் இறங்கியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். உண்மையில் கனெக்டிங் ராடு சாய்ந்து நிற்பதால் பிஸ்டன் அதற்குள் பாதியைத் தாண்டியிருக்கிறது. மேல் பாதியில் விரைவாகவும் கீழ் பாதியில் நிதானமாகவும் ஓடுகிறது. இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது இரண்டு இறங்குவதால் பெரிய விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இந்த வேக வித்தியாசத்தால் வரும் விசை மட்டும் அழிவதில்லை. நான்கிலும் ஒன்றுசேர்ந்து, சுற்றுக்கு இரண்டு முறை எஞ்சினையே மேலும் கீழும் தள்ளுகிறது.

இதற்கு மருந்து கண்டவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரடெரிக் லான்செஸ்டர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் சொன்ன வழி: ஒருபக்கம் எடை வைத்த இரண்டு ஷாஃப்ட்டுகளை எதிரெதிர்த் திசையில், கிராங்க்கைப் போல இரு மடங்கு வேகத்தில் சுழலவிடுவது. 1970களில் மிட்சுபிஷி ஒன்றை உயரத்திலும் மற்றதைத் தாழ்வாகவும் வைத்து, எஞ்சின் பக்கவாட்டில் உருளும் ஆட்டத்தையும் குறைத்தது. போர்ஷே நிறுவனமே தன் 944 காருக்காக இதற்கான உரிமத்தைப் பணம் கொடுத்து வாங்கியது. எல்200 பிக்கப்பிலும் பஜேரோவிலும் ஓடிய 2,477 சி.சி. 4டி56 டீசல் எஞ்சினில் இதே ஏற்பாடு இருக்கிறது.

அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட்டுக்கு உட்புறம், இந்த இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளுக்கென்று ஒரு சிறிய பெல்ட் தனியாக ஓடுகிறது. மூடியைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் பல்சக்கரங்களில் அடையாளக் குறிகள் தெரியும். கிராங்க்கிலும் இரண்டு ஷாஃப்ட்டுகளிலும் உள்ள குறிகள் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு ஷாஃப்ட் அரைச் சுற்று மாறி நின்றால், அது அதிர்வைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிடும். குறி சரியாக நின்றும் உள்ளே தப்பாக இருக்கிற எஞ்சினும் உண்டு. இதன் உறவான 4ஜி63 பெட்ரோல் எஞ்சினில், பிளாக்கின் பக்கவாட்டுத் துளை வழியாக 8 மி.மீ. ஸ்க்ரூ டிரைவரைச் செருகிப் பார்ப்பார்கள். 60 மி.மீ. உள்ளே போனால் சரி. 20–25 மி.மீ.யில் முட்டி நின்றால், பல்சக்கரத்தை ஒரு முழுச்சுற்று சுற்றி மறுபடி குறி சேர்க்க வேண்டும்.

சுற்றுக்கு இரண்டு முறை தள்ளும் அந்த விசை, எஞ்சின் வேகத்தின் இருமடியாக ஏறும். 750இல் இருப்பதைப் போல 3,000இல் 16 மடங்கு. ஆகவே ஐடிலிங்கில் ஒழுங்காக நின்று, 2,500க்கு மேல் பல் கூசும்படி அதிர்ந்தால் முதலில் அந்தச் சின்ன பெல்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். சில மெக்கானிக்குகள் அதைப் பூட்டாமலே விட்டுவிடுவார்கள். காரணம் இருக்கிறது: சின்ன பெல்ட் அறுந்தால் அதன் துணுக்குகள் பெரிய பெல்ட்டில் சிக்கி, டைமிங் தவறி, வால்வில் பிஸ்டன் மோதி, ராக்கர் ஆர்ம்கள் முறியும். பயம் நியாயமானதுதான். ஆனால் உரிமையாளரிடம் சொல்லாமல் செய்வது நியாயமில்லை. இல்லாத கோளாறைத் தேடி அவர் மாதக்கணக்கில் அலைவார்.

இனி கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஷாஃப்ட். கிளட்ச் வேலைக்குக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும், அதற்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும். அதன் முனைகளில் இருக்கும் கிராஸ் ஜாயிண்ட், 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்த அதே அமைப்பு. சாய்ந்த கோணத்தில் சுழலும்போது இது ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூட்டி, இரண்டு முறை குறைக்கும். மறுமுனை ஜாயிண்ட் அதைச் சரிக்கட்ட வேண்டுமானால், ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். வழுக்கும் பல் இணைப்பை இழுத்துவிட்டு, ஒன்றிரண்டு பல் தள்ளிச் செருகினால் போதும், வண்டி உதறும். கழற்றுவதற்கு முன் இருபுறமும் ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் இது வந்திருக்காது. பாரத்துக்காகப் பின்பக்கம் கூடுதல் ஸ்பிரிங் பட்டை வைத்தாலும் ஜாயிண்ட்டின் கோணம் மாறி இதே உதறல் வரலாம்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இவ்வகை வண்டியின் சக்கரம் விநாடிக்குச் சுமார் 10 முறை சுற்றும். பின் அச்சின் விகிதம் 4 என்று வைத்தால் ஷாஃப்ட் 40 முறை. பேலன்ஸ் போன ஷாஃப்ட் 40 அதிர்வு தரும், தப்பாகச் செருகிய ஜாயிண்ட் 80. இந்த மூன்றையும் பிரித்தறிய செல்போனின் அதிர்வு அளக்கும் செயலி உதவலாம்.

விநாடிக்கு 10 என்று சக்கரத்தின் கணக்கில் வந்தால் மட்டும் செயலி, பேலன்சிங் எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வண்டியை ஓரம் கட்டி, வேலைக்காகக் கழற்றிய சக்கரங்களின் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஸ்பானர் போட்டுப் பாருங்கள். எல்லாம் இறுகியே இருந்தாலும், 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.