நெல்வயலுக்கு விலை ஏறும் நாள்: ஜாவா, பாலிக் கிராமங்களின் நிலக் கணக்கு

2021 பிப்ரவரியில் இந்தோனேசியத் தொலைக்காட்சிகள் ஒரு கிராமத்தையே திரும்பத் திரும்பக் காட்டின. கிழக்கு ஜாவாவின் துபான் மாவட்டத்தில், வடகடற்கரையை ஒட்டிய சுமுர்கெனெங். புத்தம்புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் வரிசைகட்டி ஊருக்குள் நுழைந்தன. நேற்றுவரை மக்காச்சோளம் பயிரிட்ட ஊரில் 176 கார்கள் வாங்கப்பட்டிருப்பதாக ஊர்த்தலைவர் செய்தியாளர்களிடம் சொன்னார். வண்டி ஓட்டத் தெரியாதவர்களின் வீட்டு வாசலிலும் கார் நின்றது. பத்திரிகைகள் அதற்குக் கோடீஸ்வரர் கிராமம் என்று பெயர் சூட்டின.

காசு வந்த வழி இதுதான். அரசு எண்ணெய் நிறுவனமான பெர்த்தமினாவும் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டும் சேர்ந்து அங்கே ஒரு சுத்திகரிப்பு ஆலை கட்டத் திட்டமிட்டன. நிலம் கையகப்படுத்தியதற்கான இழப்பீடு ஒரே வீச்சில் ஊருக்கு வந்து சேர்ந்தது. நிலத்தைத் தரமாட்டோம் என்று முதலில் எதிர்த்து நின்றவர்களும் அந்த வட்டாரத்தில் பலர். ஓராண்டு கழித்து, 2022 ஜனவரியில், அதே வட்டாரத்து மக்கள் ஆலை நிறுவனத்திடம் வேலை கேட்டுப் போராடினார்கள். நிலம் போய்விட்டது, பயிர் இல்லை, மாட்டை விற்றுச் சாப்பிடுகிறோம் என்று சிலர் சொன்னார்கள். ஆலையோ ஆண்டுகள் கடந்தும் எழவில்லை.

சுமுர்கெனெங் கதையைப் பேராசைக்குக் கிடைத்த கூலி என்று சொல்லி நகர்ந்தவர்கள் உண்டு. அது அநியாயம். அந்த ஊரில் நிலத்துக்கு விலை ஏறியது ஒரே ஒருமுறை, அதுவும் அது விளைநிலமாக இருப்பதை நிறுத்தப்போகும் நாளில். இந்தோனேசியக் கிராமச் சொத்தின் பொதுவான நிலையும் இதுவே. ஊர் ஊராக இருக்கும்வரை நிலம் சாப்பாடு போடும், சொத்தாகப் பெரிதாக வளராது. வெளியிலிருந்து ஆலையோ, விமான நிலையமோ, சுற்றுலா விடுதியோ வரும்போதுதான் பணமாகிறது. பெரும்பாலும் அந்தப் பணம் வரும்போது ஊர் கையைவிட்டுப் போயிருக்கும்.

அப்படியானால் அங்கே வாழ்க்கை எப்படி? ஜாவாவின் உழவுக் குடும்பம் பெரும்பாலும் அரை ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தை வைத்துக் காலம் தள்ளுகிறது. நம் கணக்கில் ஒன்றேகால் ஏக்கர்கூட இல்லை. 2023 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுவதுமே உழவுக் குடும்பங்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் இந்த வகையில்தான் வந்தன. ஆகவே நெல் மட்டும் குடும்பச் செலவுக்குப் போதாது. ஒரு மகன் ஊருக்கு வெளியே கட்டட வேலையில் இருப்பான், ஒரு மகள் ஹாங்காங்கிலோ தைவானிலோ வீட்டுவேலையில் இருப்பாள். பொனொரோகோ, மலாங், லொம்போக் பக்கத்துக் கிராமங்களில் பழைய ஓட்டு வீடுகளுக்கு நடுவே டைல்ஸ் பளபளக்கும் இரண்டு மாடி வீடு தெரிந்தால், அது பெரும்பாலும் வெளிநாட்டுச் சம்பளம் கட்டிய வீடு. அதில் குடியிருப்பது தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள்.

மின்சாரம் கிட்டத்தட்ட எல்லா ஊருக்கும் போய்விட்டது. ஆனால் மானிய விலையில் ஏழை வீட்டுக்குக் கிடைப்பது 450 அல்லது 900 வோல்ட் ஆம்பியர் இணைப்பு. 450 இணைப்பில் ரைஸ் குக்கரும் கிணற்று மோட்டாரும் சேர்ந்து ஓடினால் மெயின் விழுந்துவிடும். எந்த நேரத்தில் எதைப் போடுவது என்பது பெண்களுக்கு அத்துப்படி. 2007-இல் மண்ணெண்ணெய் அடுப்பை ஒழிக்க வந்த 3 கிலோ பச்சை சிலிண்டர்தான் இன்றும் கிராமத்துச் சமையலறையின் ஆதாரம். 2025 பிப்ரவரியில் சில்லறைக் கடைகள் அதை விற்கக் கூடாது என்று அரசு தடுத்தபோது நாடெங்கும் வரிசை நீண்டது. சில நாள்களிலேயே அரசு பின்வாங்கியது.

தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும். எரிமலைச் சரிவுகளில் ஊற்றும் ஓடையும் குறைவில்லை. யோக்யகர்த்தாவுக்குத் தென்கிழக்கே சுண்ணாம்புப் பாறை நிலமான குனுங்கிதுலில் கோடை வந்தால் லாரித் தண்ணீர்தான். இணையத்தில் காணும் பச்சைப் படங்களை வைத்து மட்டும் ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முதலில் விசாரிக்க வேண்டும்.

மருத்துவத்துக்கு ஒன்றிய அளவில் புஸ்கெஸ்மாஸ் எனப்படும் சுகாதார நிலையம் இருக்கிறது. ஊருக்குள் மாதம் ஒருமுறை பொஸ்யாண்டுவில் குழந்தைகளை எடைபோட்டு, தடுப்பூசி போடுகிறார்கள். 2014-இல் தொடங்கிய தேசிய மருத்துவக் காப்பீடு பெரும் உதவி. ஆனாலும் பெரிய நோய் என்றால் மாவட்டத் தலைநகருக்குத்தான் ஓட வேண்டும். சாலைகள் முன்பைவிட நன்றாகவே இருக்கின்றன. 2014-இன் கிராமச் சட்டம் மத்திய அரசின் பணத்தை 2015 முதல் நேராகக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. தெருக்களுக்கு சிமென்ட் வந்தது, வாய்க்கால்கள் சீராயின. ஊராட்சி அலுவலக வாசலில் அந்த ஆண்டின் வரவுசெலவை ஊர்த்தலைவரின் சிரித்த படத்தோடு பேனராகக் கட்டியிருப்பார்கள். அந்தப் பணத்தில் கைவைத்துச் சிறைக்குப் போன தலைவர்களும் உண்டு. 2024-இல் தலைவரின் பதவிக்காலத்தை ஆறிலிருந்து எட்டு ஆண்டாக நீட்டியது யாருக்கு லாபம் என்று கேட்பவர்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள்.

வெளியூர்க்காரர் ஒருவர் குடிவந்தால் 24 மணி நேரத்துக்குள் தெருத்தலைவரிடம் சொல்ல வேண்டும். தெரு முனையில் பலகையே இருக்கும். சில பத்து வீடுகளை ஒரு தலைவரின் கீழ் சேர்க்கும் இந்த ஏற்பாடு இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் விட்டுப்போனது. ஆட்சிகள் மாறியும் அது போகவில்லை. ஞாயிறு காலை வாய்க்கால் சுத்தம் செய்யப் போக வேண்டும், முறைவைத்து இரவுக் காவல் நிற்க வேண்டும், சாவு வீட்டுக்குப் பாய் விரிக்கப் போக வேண்டும். பணம் கட்டி ஒதுங்கிக்கொள்ளலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் ஊர் கணக்கு வைத்திருக்கும். விடியற்காலைத் தொழுகை அழைப்பையும் அதற்கு முன்பே கூவும் சேவலையும் சேர்த்துத்தான் கிராமம். அமைதி தேடி வருபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இனி நிலப் பத்திரம். 1960-ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம்தான் இன்றும் எல்லாவற்றுக்கும் மூலம். முழு உரிமையான ஹக் மிலிக் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். ஆனால் கிராமத்தில் பலரிடம் அந்தச் சான்றிதழே கிடையாது. இருந்ததெல்லாம் நிலவரி கட்டியதைக் காட்டும் கிரிக் என்ற பழைய காகிதம். நம்மூரில் தீர்வை ரசீதை வைத்துக்கொண்டு பட்டா என்று வாதாடுவதற்குச் சமம். நாட்டின் 12.6 கோடி மனைகளில் 2015 வாக்கில் சான்றிதழ் இருந்தது 4.6 கோடிக்குத்தான். ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்ற பழைய வேகத்தில் போனால் முடிக்க 160 ஆண்டு ஆகும் என்று அப்போதைய அதிபர் ஜோகோ விடோடோ மேடைதோறும் கணக்குச் சொன்னார். 2017-இல் தொடங்கிய ஒட்டுமொத்தப் பதிவுத் திட்டம் அந்த வேகத்தைப் பல மடங்காக்கியது. பழைய காகிதங்களைப் பதிவுசெய்ய 2021-இன் அரசு விதி ஐந்தாண்டு கெடு வைத்தது. 2026 பிப்ரவரியோடு அது முடிந்தது. கிரிக்கை மட்டும் காட்டி நிலம் விற்க வருபவரிடம் இனி பேச்சே வேண்டாம்.

சான்றிதழ் இருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ஊர்த்தலைவருக்கும் அலுவலர்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்த பெங்கொக் நிலம் ஜாவாவில் உண்டு. அது கிராமத்தின் சொத்து, தனியார் விற்க முடியாது. விளைநிலத்தை அதே ஒன்றியத்தில் குடியிருப்பவரே வைத்திருக்க வேண்டும் என்று 1961 விதி சொல்கிறது. ஜகார்த்தாக்காரர் சட்டப்படி ஜாவா வயலை வாங்கிப்போட முடியாது. நடைமுறையில் உள்ளூர் முகவரி ஒன்றைக் காட்டி வாங்குகிறார்கள். யோக்யகர்த்தாவில் இன்னும் ஒரு படி மேல். அங்கே சுல்தான் குடும்பத்துக்குரிய நிலம் தனி. சீன வம்சாவளியினர் இந்தோனேசியக் குடிமக்களாகவே இருந்தாலும், 1975-இல் துணை ஆளுநர் பிறப்பித்த உத்தரவைக் காட்டி அவர்களுக்கு முழு உரிமை மறுக்கிறார்கள். ஜனநாயக நாட்டில் இது எப்படித் தொடர்கிறது என்பது வெட்கப்பட வேண்டிய கேள்வி.

சொந்தக் குடிமக்களுக்கே இவ்வளவு என்றால் வெளிநாட்டவருக்கு? மூன்று வழிகள் உண்டு. எளியது குத்தகை. பாலியில் 25, 30 ஆண்டுகளுக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்வது வழக்கம். விலையை ஆர் ஒன்றுக்கு, ஆண்டு ஒன்றுக்கு என்று பேசுவார்கள். ஒரு ஆர் 100 சதுர மீட்டர், நம் அளவில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். நீட்டிப்பு உண்டு என்று வாய்ச்சொல்லாகச் சொல்வதை நம்பக் கூடாது. எந்த விலையில் நீட்டிப்பு என்பது பத்திரத்தில் இல்லையென்றால் கெடு முடியும் நாளில் கட்டிய வீடும் நிலத்துக்காரருக்கே.

இரண்டாவது, ஹக் பக்காய் என்ற பயன்பாட்டு உரிமை. 30 ஆண்டு, அதன்பின் 20, மறுபடி 30. ஆளுக்கு ஒரு மனை, 2,000 சதுர மீட்டருக்கு மேல் கூடாது. பாலியில் தனி வீட்டின் விலை குறைந்தது 500 கோடி ரூப்பியா இருக்க வேண்டும், இரண்டரைக் கோடி இந்திய ரூபாய்க்கு மேல். கிராமத்து ஓட்டு வீட்டை மலிவாக வாங்கிச் செப்பனிட்டுக் குடியேறும் கனவு இந்த ஒரு விதியிலேயே உடைந்துவிடுகிறது. மூன்றாவது, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்கிக் கட்டட உரிமை பெறுவது. அதற்கான முதலீடு ஆயிரம் கோடி ரூப்பியாவைத் தாண்ட வேண்டும். ஓய்வு பெற்றவர் ஒருவருக்கு அது ஒத்துவராது.

நான்காவதாக ஒரு குறுக்கு வழியும் உண்டு: பினாமி. உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி, கடன் பத்திரமும் அதிகாரப் பத்திரமும் எழுதி அவரைக் கட்டிப்போடுவது. 1960 சட்டத்தின் 26-ஆம் பிரிவு இப்படிப்பட்ட பரிமாற்றம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணம் திரும்பாது என்று அப்பட்டமாகச் சொல்கிறது. வெளிநாட்டவரை மணந்த இந்தோனேசியருக்கும் சொத்தைத் தனியாகப் பிரிக்கும் உடன்படிக்கை இல்லாவிட்டால் முழு உரிமை கிடையாது. அந்த உடன்படிக்கையைத் திருமணத்துக்குப் பிறகும் செய்துகொள்ளலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2016-இல் கதவைத் திறந்துவிட்டது.

சட்டம் இவ்வளவு இறுக்கியும் பாலியின் வயல்கள் தப்பவில்லை. சாங்குவில் நெல் இருந்த இடமெல்லாம் வில்லாக்கள். குத்தகைக்கு விட்டவர் நில உரிமையை இழக்கவில்லைதான். ஆனால் கான்கிரீட் போட்ட வயலை 30 ஆண்டு கழித்துத் திரும்ப வாங்கி எந்தப் பேரன் உழப்போகிறான்? வாய்க்கால் ஒரு இடத்தில் அடைபட்டால் கீழ்மடை வயல்களும் காய்கின்றன. சுபாக் என்ற பாசனச் சங்கத்தில் தண்ணீர் ஒவ்வொரு வயலாக முறைவைத்து இறங்கி வரும். அதைத்தான் 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற சுபாக் வயல்களில் புகழ்பெற்றது தபானான் மாவட்டத்தின் ஜத்திலுவி. 2025 டிசம்பரில் அங்கே விதிமீறிய சுற்றுலாக் கட்டடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். கோபமடைந்த விவசாயிகள் பயணிகள் படமெடுக்கும் அந்தப் படிக்கட்டு வயல்களில் தகரத் தகடுகளை நட்டுவிட்டார்கள். நாங்கள் சேற்றில் இறங்கினால்தான் உங்களுக்குக் காட்சி, எங்கள் வயலோரத்தில் நாங்கள் ஒரு கடை வைத்தால் மட்டும் குற்றமா என்பது அவர்கள் கேள்வி. அதற்கு நேர்மையான பதில் இன்னும் யாரிடமிருந்தும் வரவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் பாலியை வெள்ளம் சூறையாடிய பிறகு, விளைநிலத்தில் விடுதியும் உணவகமும் கட்ட இனி அனுமதியில்லை என்று ஆளுநர் வயான் கோஸ்தர் அறிவித்தார். முதலீட்டுக் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு இது நேரடிச் செய்தி. திட்ட வரைபடத்தில் பச்சை நிறமிட்ட நிலம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதில் வீடு எழுப்ப முடியாது. மலிவாகக் கிடைப்பதன் காரணமே அதுதான்.

இந்தோனேசியக் கிராமத்தில் வாழ விரும்பினால் முதலில் ஓராண்டு வாடகைக்கு இருங்கள், ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பார்த்துவிடுங்கள். வாங்குவதாக இருந்தால் நில அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்த்து, மண்டலத்தின் நிறத்தை எழுத்தில் வாங்கி, கிராமத்தின் பொது நிலமா என்று ஊர்த்தலைவரிடமே கேளுங்கள். வெளிநாட்டவர் பெயருக்கே ஹக் மிலிக் வாங்கித் தருகிறேன் என்று எவராவது சொன்னால், அவரிடம் விற்பதற்கு எதுவும் இல்லை.