வாங்கிய விதையைத் திருப்பி அளித்தல்

திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நடைபெறும் நெல் திருவிழாவை நம் வேளாண் அங்கத்தினர் பலர் அறிவர். காலஞ்சென்ற நெல் ஜெயராமன் அவர்கள் நிலைநாட்டிய வழக்கப்படி, அங்கே பாரம்பரிய விதைநெல் 2 கிலோ பெறும் உழவர், அடுத்த ஆண்டு அதனை 4 கிலோவாகத் திருப்பி அளித்தல் வேண்டும். விதைக்கு விலை இல்லை. ஆனால் நிபந்தனை உண்டு. நிபந்தனை இல்லாதிருப்பின் விதை ஓரிரு ஆண்டுகளில் தீர்ந்து போயிருக்கும். அது இருப்பதனாலேயே விதை ஆண்டுதோறும் பெருகி, முன்பின் அறியாத உழவரின் வயலையும் சென்றடைகிறது.

கணினி மென்பொருள் உலகிலும் இதனை ஒத்த ஓர் ஏற்பாடு உண்டு. அதற்குக் காப்பிலெஃப்ட் என்று பெயர். சங்கத்தின் கணக்கும், சரக்கிருப்பும், கடன் பேரேடும் கணினிக்குள் புகுந்துவிட்ட இந்நாளில், இவ்வேற்பாட்டை அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சுமார் 63,000-ஐக் கணினிமயமாக்க, ரூ. 2,516 கோடித் திட்டம் ஒன்றிற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் முக்கியம் விளங்கும்.

மூல நிரல் என்பது யாது?

நெசவாளருக்கு இதனை விளக்குவது எளிது. ஒரு சேலையை விலைக்கு வாங்கியவர் அதனை உடுத்தலாம். அதன் புட்டாவை மாற்ற அவரால் இயலாது. மாற்றுவதற்குக் கட்டம் போட்ட தாளில் வரைந்த டிசைனும், அதைக்கொண்டு துளையிட்ட ஜக்கார்டு அட்டையும் வேண்டும். மென்பொருளும் அத்தகையதே. நாம் பயன்படுத்துவது நெய்து முடித்த சேலை. அதனை எழுதியவர் வைத்திருக்கும் மூல நிரல் டிசைன் தாள். அத்தாள் கையில் இல்லாதவர், வட்டி விகிதம் மாறினாலும், புதிய படிவம் ஒன்று வேண்டுமானாலும், எழுதியவரின் வாயிலிலேயே காத்து நிற்க நேரும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் என்பாருக்கு இத்தகைய அனுபவமே ஏற்பட்டது. அவருடைய ஆய்வுக்கூடத்திற்கு வந்த அச்சுப்பொறி ஒன்று அடிக்கடி தாள் சிக்கி நின்றது. அதற்குப் பரிகாரம் செய்ய அவர் அறிவார். ஆனால் மூல நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. பின்னர் 1983-ஆம் ஆண்டில் குனூ என்னும் இயக்கத்தை அறிவித்தார், 1989-இல் ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமம் வெளிவந்தது. மென்பொருளை எக்காரியத்திற்கும் இயக்கலாம், மூல நிரலைப் பயிலலாம், மாற்றலாம், பிரதி எடுத்துப் பிறருக்குத் தரலாம், மாற்றியதையும் பரப்பலாம். இவ்வுரிமைகளோடு அவ்வுரிமம் ஒரு கடமையையும் விதிக்கிறது. பிறருக்கு அளிக்கும்போது, மூல நிரலோடு, அதே உரிமத்தின்கீழ் அளித்தல் வேண்டும் என்பதே அது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1949-ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு பாரதியார் நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்களுக்கே பொதுவாயின. அதனால் தியாகராய நகரிலுள்ள பதிப்பகத்தாராயினும், மயிலாப்பூரிலுள்ள பதிப்பகத்தாராயினும், எவரையும் கேளாமல் அவற்றை அச்சிடலாம். தமிழ் மக்களுக்கு அது பெரும் பேறே. எனினும் அந்நூலுக்கு ஒருவர் புதிதாக உரை எழுதினால், அவ்வுரை அவருடைய தனியுடைமை. பொதுவில் பெற்றவர் தாம் சேர்த்ததையும் பொதுவில் வைக்கக் கடமைப்பட்டவர் அல்லர். காப்பிலெஃப்ட் அக்கடமையையும் சேர்க்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தைத் துறந்து விடாமல், அதனையே வேலியாகக் கொண்டு பொதுநிலத்தைக் காக்கிறது. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது.

இவ்வேலி வெறும் காகித வேலி அன்று. ஜி.பி.எல். மென்பொருளைத் தன் கருவியில் பொருத்தி விற்று, மூல நிரலை அளிக்கத் தவறிய நிறுவனம் ஒன்றின்மீது, ஜெர்மனியின் மூனிச் நகர நீதிமன்றம் 2004-ஆம் ஆண்டில் தடை ஆணை பிறப்பித்தது.

சென்னையில் விளைந்தவை

அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில், லினக்ஸ் பயன்படுத்துவோர் குழுவினர் பல ஆண்டுகள் மாதந்தோறும் கூடி, தாம் கற்றதைப் பிறருக்குக் கற்பித்தனர். லினக்ஸ் என்பது 1992-ஆம் ஆண்டு முதல் ஜி.பி.எல். உரிமத்தில் வழங்கும் இயங்குதளக் கரு. அதனை அடிப்படையாகக் கொண்ட டெபியன் தொகுப்பிலிருந்து, சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவினர் ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை உருவாக்கி 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நந்தனத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எல்காட் நிறுவனமும் ஏறத்தாழ அக்காலத்திலேயே தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தலைப்பட்டது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் பாஸ் மாணவர் கைகளையும் எட்டியது. உலகில் எங்கெங்கோ இருந்தோர் இட்ட விதையே இங்குத் தமிழ் எழுத்துகளோடு முளைத்தது. தமிழ்த் தட்டச்சுக்குப் பயன்படும் எ-கலப்பை என்னும் மென்பொருளும் பின்னாளில் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. பெயரே நம் உழவர்க்கு உவப்பளிப்பது அன்றோ!

ஆயினும் பொதுவில் அளிப்போர் யாவரும் இந்நிபந்தனையை விரும்புவதில்லை. அதே ஐ.ஐ.டி.யில் உருவான ‘சக்தி’ என்னும் கணினிச் செயலியின் வடிவமைப்பு, பி.எஸ்.டி. எனப்படும் தளர்ந்த உரிமத்தில் வெளியிடப்பட்டது. அதனை எடுத்து மாற்றும் தொழில் நிறுவனம், தன் மாற்றத்தை மறைத்து வைத்துக்கொள்ளவும் கூடும். தொழில் நிறுவனங்கள் தயங்காமல் எடுத்தாள்வதற்கு அது வழி செய்யும். ஆகவே, பரவல் முதன்மையெனின் தளர்ந்த உரிமம். பொதுவில் இட்டது பொதுவிலேயே நிலைக்க வேண்டுமெனின் காப்பிலெஃப்ட். பலர் பணத்தில் உருவாகும் சங்கத்தின் மென்பொருளுக்குப் பின்னதே பொருந்தும் என்பது நம் கருத்து.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இதில் அஞ்ச வேண்டியது ஒன்றுமில்லை. ஜி.பி.எல். மென்பொருளை நம் அலுவலகத்திற்குள் மாற்றிப் பயன்படுத்துவதற்கு, அம்மாற்றத்தை ஊரறிய வெளியிட வேண்டியதில்லை. பிறருக்கு வழங்கும்போதே கடமை எழுகிறது. அங்கத்தினர் பெயரும் கடன் தொகையும் நிரலின் பகுதி அல்ல. அவற்றை ஒருபோதும் வெளியிடலாகாது. விற்பதற்கும் தடை இல்லை. நிரல் எழுதுவோர் பயிற்சிக்கும், பழுது நீக்கலுக்கும், புதிய வேலைக்கும் நியாயமான கூலி பெறுவர்.

ஆனால் ஒப்பந்தத்தில் விழிப்பு வேண்டும். சங்கத்தின் ஊழியர் தம் பணியின்பாற்பட்டு எழுதிய நிரல், மாறான உடன்படிக்கை இல்லையேல், சங்கத்திற்கே உரியது. வெளியாரிடம் கூலி கொடுத்து எழுதுவித்ததோ அவ்வாறன்று. அதன் உரிமை, பொதுவாக, எழுதியவரிடமே தங்கும். அதனைக் கையொப்பமிட்ட எழுத்துமூலமே மாற்றிப் பெறுதல் வேண்டும். அவ்வெழுத்தில் காலம் குறிப்பிடாவிடில் 5 ஆண்டுகளே என்றும், எல்லை குறிப்பிடாவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் சட்டம் கொள்ளும். பணம் கொடுத்தோம், ஆகவே நம்முடையது என்று வாளாவிருந்த சங்கம், ஆறாம் ஆண்டில் திகைத்து நிற்க நேரிடும்.

ஆதலின் நிர்வாகக் குழுவினர் வேலை ஒப்படைக்கும் முன்பே, மூல நிரலை ஒப்புவித்தல், உரிமையை எழுத்தில் மாற்றுதல், ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட இசைதல் என்னும் மூன்றையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்வார்களாக. வெளியிடும்போது ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் உரிமையாளர் பெயர், ஆண்டு, உரிமத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்து, உரிமத்தின் முழு வாசகத்தையும் உடன் வைத்தல் முறை.

1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியபோது, அதன் வலிமை சிலரது பெருங்கொடையில் அன்று, பலர் ஏற்றுக்கொண்ட விதிகளிலேயே இருந்தது. கொடை ஒரு நாள் பசி தீர்க்கும். விதி தலைமுறைக்கும் காக்கும். ஒரு நெசவாளர் சங்கம் தன் நூல் கணக்கிற்கென எழுதுவித்த நிரலை, நாளை வேறோர் ஊரின் உழவர் சங்கம் எடுத்து, விதை இருப்புக் கணக்கிற்கு ஏற்பத் திருத்தி, திருத்தியதைத் திருப்பித் தருமானால், இரு சங்கங்களும் ஒரே செலவில் பயன் பெறும். அடுத்த பொதுப்பேரவையில் அங்கத்தினர் எழுந்து, “நம் மென்பொருளின் மூல நிரல் எவரிடம் உள்ளது?” என்று வினவுவார்களாக. அவ்வினாவே முதல் விதை.