மோட்டார் வண்டிக்கு ஏற்ற எண்ணெய்

காரைக்கால் பிரதேசத்தில் நெல் மிராசுதார் ஒருவரிடம் டிராக்டரும் மோட்டார் காரும் சேர்ந்திருத்தல் இந்நாளில் சாதாரணமாகிவிட்டது. டிராக்டருக்கென்று வாங்கி வைத்த எண்ணெயையே காருக்கும் ஊற்றிவிடுவார் பலருளர். "நம்முடையது உஷ்ண பூமி, எண்ணெய் கெட்டியாயிருந்தால்தான் இயந்திரம் தாங்கும்" என்பது இதற்கு அவர்கள் கூறும் சமாதானம். மாட்டு வண்டியின் அச்சுக்கு வைக்கோற்கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து மையிட்டுப் பழகிய நமக்கு இவ்வெண்ணம் தோன்றுதல் இயல்பே. ஆயினும் இது பிசகு.

இயந்திரத்தைச் சுற்றியோடும் நீரின் உஷ்ணத்தைத் தெர்மோஸ்டாட் என்னும் கருவி ஏறக்குறைய 90 டிகிரியில் நிறுத்துகிறது. ஆகவே வண்டி சூடேறி ஓடுகையில் எண்ணெயின் உஷ்ணம் உதகமண்டலத்திலும் திருநள்ளாற்றிலும் அதிகம் வேறுபடாது. வேண்டிய தடிப்பை நிச்சயிப்பது வெயிலன்று. உறுப்புகளுக்கிடையே இயந்திரத்தைச் செய்தவர் விட்ட இடைவெளியேயாம். புதிய பெட்ரோல் கார்களில் இவ்விடைவெளி மிக நுண்ணியது. அவற்றுட் பலவற்றிற்கு 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 விதிக்கப்பட்டிருக்க, டிராக்டர்களுக்குப் பெரும்பாலும் 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 வழங்குகிறது.

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறுத்தால் எண்ணெய் குளிரில் எளிதில் ஓடும். பின்னுள்ள எண் 100 டிகிரியில் அதற்குள்ள தடிப்பின் அளவு. நம் மார்கழியில் அத்தகைய குளிரேது என்று நகைப்போருண்டு. ஆனால் 25 டிகிரியுள்ள காலையிலும் எண்ணெய், சூடேறிய நிலையைக் காட்டிலும் பத்து மடங்கோ அதற்கு மேலோ தடித்தே நிற்கிறது. வண்டியைக் கிளப்பிய அச்சில விநாடிகளில் எண்ணெய் எட்டாத உறுப்புகளே அதிகம் தேய்கின்றன.

தடிப்பு மட்டும் பொருந்தினாற் போதாது. 2020 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிக்கிணங்கச் செய்த டீசல் கார்களிற் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சாம்பற்சத்து மிகுந்த எண்ணெய் அதனை நாளடைவில் அடைத்துவிடும். எம் நண்பரொருவர் டிராக்டர் எண்ணெயால் மீத்த பணம் சிறிது; வடிகட்டிக்குக் கொடுத்ததோ பெரிது. ஆகையால் வண்டியுடன் வந்த கைப்புத்தகத்திற் கண்ட தடிப்பையும் தரக்குறியையும் ஒருங்கே பார்த்து வாங்குக. பழகித் தேய்ந்து எண்ணெயை எரிக்கும் இயந்திரத்திற்கு, அப்புத்தகம் அனுமதித்தால், 30க்குப் பதில் 40 இடலாம்.

நம் பிரதேசம் சிறியது. நெடுங்காட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போய் மீளும் வண்டி நன்கு சூடேறுமுன்பே நின்றுவிடுகிறது. அப்போது நீராவியும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிற் கலந்து தங்குகின்றன. ஆதலின் குறித்த கிலோமீட்டர் ஓடாவிடினும், குறித்த மாதக்கெடு வந்தவுடன் எண்ணெயை மாற்ற வேண்டும்.

கொம்யூன் பஞ்சாயத்து வண்டிகளைப் பராமரிக்கும் உத்தியோகஸ்தர்கள், கொள்முதற் பட்டியலில் "இஞ்சின் ஆயில்" என்று மட்டும் எழுதாமல், வண்டிவாரியாகத் தடிப்பும் தரமும் குறித்தல் நலம். 2018 நவம்பரில் வந்த கஜாவைப் போன்ற புயல்களில் வண்டி நீரில் மூழ்கினால் அதனைக் கிளப்பிப் பார்க்கலாகாது. அளவுக்கோலை உருவி நோக்குக. எண்ணெய் பால் போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துவிட்டதென்று கொண்டு, வண்டியைக் கட்டியிழுத்தே பட்டறைக்குக் கொண்டு செல்க.