ராத்திரிக்கு என்ன மாவு?

சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாடு சப்பாத்தியாகிவிடும். தமிழ்க் குடும்பங்களில் இரண்டு தலைமுறையாக இதுதான் வழக்கம். டாக்டர் ‘அரிசியைக் குறைங்க’ என்பார். வீடு வந்து சேர்வதற்குள் அது ‘கோதுமைக்கு மாறுங்க’ என்றாகியிருக்கும். பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றிவிட்டு, மாமனாருக்கென்று தனியாக மாவு பிசைந்து, நாலு சப்பாத்தி சுட்டு, உருளைக்கிழங்கு குருமாவோடு வைப்பார் மருமகள். பத்தியம் தவறவில்லை என்ற நிம்மதி இருவருக்கும் இருக்கும். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கும்போதுதான் முகம் வாடும்.

இத்தனைக்கும் கோதுமை இங்கே அன்றாட உணவாக இருந்ததில்லை. அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பார்கள். உடம்பு முடியாதவர்களுக்குச் சம்பா ரவையில் கஞ்சி வைப்பார்கள். அமாவாசை ராத்திரியில் உப்புமா கிண்டுவார்கள். 1954இல் அமெரிக்கா பி.எல். 480 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. 1956இல் இந்தியா அதன்கீழ் ஒப்பந்தம் போட, கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கியது. அறுபதுகளின் அரிசித் தட்டுப்பாட்டில் ரேஷன் பையில் அது நிரந்தரமாக இடம்பிடித்தது. பள்ளிக்கூட மதிய உணவில், கேர் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு கொடுத்த கோதுமை ரவை வெந்தது. அன்று அந்த வரிசையில் தட்டோடு நின்றவர்கள் இன்றும் அதன் மணத்தைச் சொல்வார்கள். அரிசி கிடைக்காத குறைக்குச் சாப்பிட்ட தானியம் அது. வயிறு நிறைந்த காலம் வந்து, கூடவே சர்க்கரை நோயும் வந்தபோது, அதே கோதுமை பத்திய உணவாக உயர்ந்தது. அரிசி இல்லை என்பதே அதற்குப் போதுமான தகுதியாக இருந்தது.

கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம். முழுக் கோதுமை மாவில் 65 முதல் 70. கோதுமையில் நார் கூடுதல், ரத்தத்தில் கொஞ்சம் நிதானமாகச் சேரும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு பிடிக்கும். நாலு சப்பாத்தியில் 80 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்விடுகிறது. கால் கிலோவுக்கும் மேலான சோற்றில் இருக்கும் அளவு இது. குருமாவில் போட்ட கிழங்கு தனி.

இந்தக் கணக்கைத் தமிழ் வீடுகளில் பேசவைத்தது, மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையின் அலை. 2010களின் நடுவில் ஃபேஸ்புக் குழுக்கள் வழியாகவும், நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’ நூல் வழியாகவும் அது ஊர் ஊராகப் போனது. காலையில் நூறு பாதாம், மதியம் இறைச்சி, ராத்திரிக்கு முட்டை. சர்க்கரை கட்டுக்குள் வந்தவர்கள் நிறையப் பேர். விட்டுவிட்டு இட்லிக்குத் திரும்பியவர்களும் நிறையப் பேர். அவர்களுக்கு ருசியில் குறை தோன்றவில்லை என்றே நினைக்கிறேன். பிட்டு, குழம்பில் தொட்டு, வாயில் போட ஒன்று கையில் இல்லாததுதான் குறை. அந்த இடத்தை நிரப்பத்தான் இன்று பாதாம் மாவும், தேங்காய் மாவும், ஆளிவிதைப் பொடியும் டிபார்ட்மென்ட் ஸ்டோர் அலமாரிக்கு வந்திருக்கின்றன.

30 கிராம் பாதாம் மாவில் நாரைக் கழித்தால் மாவுச்சத்து 3 கிராம்கூட இராது. ஆனால் ரொட்டி தட்டுவது எளிதல்ல. கோதுமையில் இருக்கும் குளுட்டன் என்ற புரதம்தான் மாவை இழுத்துக் கட்டுகிறது. பாதாமில் அது கிடையாது. அதனால் மலச்சிக்கலுக்கு என்று வாங்கி வைத்திருந்த இசப்கோல் உமி இப்போது மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் கலந்து, சூடான தண்ணீர் விட்டுப் பிசைந்து, பத்து நிமிடம் மூடி வைத்தால் உமி ஊறிக் கொழகொழவென்று பிடித்துக்கொள்ளும். சப்பாத்திக் கட்டையில் வெறுமனே உருட்டினால் விண்டுபோகும். இரண்டு வாழையிலைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கையால் தட்டி, ஒரு இலையை எடுத்துவிட்டு, மற்ற இலையோடு கல்லில் கவிழ்த்து, மேல் இலை வாடியதும் உரிக்க வேண்டும். அடிப்பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை திருப்பக் கூடாது. உப்பாது. மடித்தால் ஓரம் வெடிக்கும். ஆனால் மீன் குழம்புக்கு அருமையாக இருக்கும்.

தேங்காய் மாவின் கதை இன்னும் நெருக்கமானது. பால் பிழிந்த சக்கையை மாட்டுக்குப் போடுவோம், இல்லையென்றால் கொட்டுவோம். அதையே உலர்த்திப் பொடித்துப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். நார் மிகுந்தது. தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும் மாவு அது. இரண்டு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். 1840களிலேயே பாரிஸில் புஷர்தா என்ற மருத்துவர், சர்க்கரை நோயாளிகளுக்காக மாவுச்சத்தை நீக்கிய குளுட்டன் ரொட்டியைக் கொடுத்தார். லண்டனில் பேவி என்ற மருத்துவர் பாதாம் ரொட்டியைச் சொன்னார். 1922இல் இன்சுலின் சிகிச்சைக்கு வந்தபிறகு மாவுச்சத்தை ஒதுக்கும் கட்டாயம் தளர்ந்தது.

எனக்கு இன்று கவலை தருவது சிறுதானியப் பேச்சு. கேழ்வரகும் கம்பும் தினையும் நல்ல உணவுதான். இரும்பும் நாரும் சுண்ணாம்புச் சத்தும் உள்ளவை. ஆனால் அவற்றிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு. அன்று கோதுமைக்குக் கொடுத்த இடத்தை இன்று ராகிக்குக் கொடுத்து, அளவு பாராமல் களி கிண்டிச் சாப்பிடுகிறோம். சென்னை நீரிழிவு ஆய்வு மையத்தார் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வின் முடிவு 2025இல் வெளிவந்தது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் முழுக் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாக அதில் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பயறு, பால் வழிப் புரதத்தை வைத்தால் குறைகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் பாதாம், தேங்காய் மாவுகளுக்குத் திடீரென்று மாறக் கூடாது. மாவுச்சத்து குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, ஆளையே சாய்த்துவிடும்.

விலையும் சேர்ந்தே வருகிறது. கோதுமை மாவு கிலோ ஐம்பது, அறுபது ரூபாய் என்றால் பாதாம் மாவு ஆயிரத்தைத் தொட்டு நிற்கிறது. ரேஷன் அரிசியில் குடும்பம் நடத்துபவரிடம் போய் அதை வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு நிலக்கடலை இருக்கிறது. 100 கிராமில் மாவுச்சத்து 16 கிராம்தான், அதிலும் பாதி நார். வறுத்துத் தோலை ஊதிவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். அந்தப் பொடியோடு முட்டை, சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை சேர்த்து அடையாகத் தட்டினால் இரண்டில் வயிறு நிறையும்.