கணப்பின் மேல் ஒரு பலகை

நியூ இங்கிலாந்துப் பக்கத்துப் பழைய மரவீடுகளில், கூடத்துச் சுவரின் நடுவில் கணப்பு இருக்கும். அதன் தலைக்கு மேல், நெஞ்சுயரத்தில், ஒரு சாண் அகலத்துக்குப் பலகை ஒன்று ஓடும். மேன்டல் என்பது அதுதான். செப்டம்பர் கடைசியில் மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கியதும் அமெரிக்க வீடுகளில் அந்தப் பலகை களைகட்டிவிடுகிறது. குட்டிப் பூசணிகள், கோதுமைக் கதிர், பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கி, ஒரு மரக்கடிகாரம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பும் இந்தத் தாங்கியும் கடிகாரமும் அங்கேதான் இருந்தன. அலங்காரத்துக்காக அல்ல, அன்றாடம் கைக்கு வேண்டியிருந்ததால்.

குடியேற்றக் காலத்தில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 30 கார்டு விறகாவது தேவைப்பட்டது என்று கணக்கிடுகிறார்கள். நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளத்துக்கு அடுக்கினால் ஒரு கார்டு. 128 கன அடி. இலை உதிரும் மாதங்கள், பிளந்து அடுக்கிய விறகு பனிக்காலத்துக்குத் தாங்குமா என்று பார்க்கும் மாதங்களாக இருந்தன. எரித்த விறகின் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாகவே வெளியேறிவிடும். 1740-களில் பெஞ்சமின் பிராங்க்ளின் இரும்புக் கணப்பு ஒன்றை வடிவமைத்தது இந்த விரயத்தைக் குறைக்கத்தான். இன்று விறகையே நம்பியிருக்கும் வீட்டுக்கும், நல்ல இரும்பு அடுப்பு இருந்தால் நாலைந்து கார்டு போதும். மற்ற வீடுகள் பலவற்றில் நிலவறையில் எண்ணெயோ எரிவாயுவோ எரிகிறது. 1990-இல் அமெரிக்காவில் கட்டி முடித்த தனிவீடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கணப்பு இருந்தது. 2018-இல் ஐந்தில் இரண்டு பங்குக்குத்தான். கணப்பே இல்லாத வீட்டில் மேன்டலை மட்டும் வாங்கிச் சுவரில் பொருத்துகிறவர்களும் உண்டு.

கீழே தீ எரிந்தவரை, மேலே எதை வைக்கலாம் என்பதையும் தீயே முடிவு செய்தது. காய்ந்த சருகையும் கதிரையும் நெருப்பின் தலைக்கு மேல் வைக்க யாரும் துணியமாட்டார்கள். பூசணி குளிர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் கெடாமல் இருக்கும்; அனலடிக்கும் இடத்தில் தாங்காது. ஆகவே இன்று நாம் பார்க்கும் இலையுதிர்கால மேன்டல், தீ அணைந்த பிறகே கைகூடிய அழகு. அதை அலங்கரிக்கும் வீட்டுக்காரர்கள் பலருக்கும் இது தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கடிகாரத்தின் கதை இன்னும் சுவையானது. ஆளுயரக் கடிகாரம் வசதி படைத்தவர்களின் சொத்தாக இருந்த நாளில், கனெக்டிகட்டைச் சேர்ந்த ஈலை டெர்ரி, மூன்றாண்டுக்குள் 4,000 மரச்சக்கர இயந்திரங்கள் செய்து தர ஒப்புக்கொண்டார். செய்தும் காட்டினார். 1816-இல், பலகைமேல் வைக்கத்தக்க சிறிய கடிகாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சாதாரண விவசாயி வீட்டுக்கும் மணியோசை வந்து சேர்ந்தது. ஒருமுறை சாவி கொடுத்தால் 30 மணி நேரம் ஓடும். அதனால் தினமும் ஒருவர் கணப்பருகே வந்து சாவி கொடுத்தாக வேண்டும். இன்று பழைய சாமான் கடையில் வாங்கும் கடிகாரம் பெரும்பாலும் ஓடுவதில்லை. முள் எங்கே நின்றிருக்கிறது என்று யாரும் பார்ப்பதுமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு அடுப்புகள் பரவிய பிறகு, இலைகள் வீட்டுக்குள் வந்தன. பெண்கள் மேப்பிள் இலைகளைப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்தி, சூடான இஸ்திரிப் பெட்டியில் தேன்மெழுகைத் தடவி, இலையின் இருபுறமும் மெல்லத் தேய்ப்பார்கள். நிறம் வசந்தம் வரை மங்காது. படச்சட்டங்களையும் கண்ணாடியையும் சுற்றி அவற்றைச் செருகுவார்கள். 1909-இல் மாசசூசெட்ஸின் டெனிசன் நிறுவனம் தன் கிரேப் காகிதத்தை வைத்து ஹாலோவீன் அலங்காரம் செய்யக் கற்றுத்தரும் சிறு நூலை வெளியிட்டது. அதுவரை பொறுக்கி எடுத்த பருவத்தை, அதன் பிறகு கடையில் வாங்கத் தொடங்கினார்கள். காகிதத்துக்குப் பின் பிளாஸ்டிக் இலைத் தோரணம் வந்தது. அதில் சாயம் போவதில்லை, சலிப்புதான் வந்துவிடுகிறது. அடுத்த ஆண்டுக்கு வேறொன்று வாங்குகிறார்கள். இதைப் பார்த்து மனம் கசந்தவர்கள்தாம் இன்று வீட்டில் இருப்பதையும், பழைய சாமான் கடையில் கிடைப்பதையும் மட்டுமே வைத்து மேன்டலை அலங்கரிக்கிறார்கள். என் மனமும் அவர்கள் பக்கம்தான்.

அவர்கள் தேடி எடுப்பவற்றில் மேசன் ஜாடியைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். இளநீலக் கண்ணாடி, உள்ளே அங்கங்கே சிக்கிய காற்றுக் குமிழ்கள், வாயில் மரை. சில ஜாடிகளின் மேல் ‘மேசன்ஸ் பேட்டன்ட், நவம்பர் 30, 1858’ என்ற புடைப்பெழுத்து விரலுக்குத் தட்டுப்படும். அது காப்புரிமை பெற்ற நாள். பல பத்தாண்டுகள் கழித்து வார்த்த ஜாடியிலும் அதே எழுத்து உண்டு. இந்தியானாவின் பால் (Ball) நிறுவன ஜாடிகளுக்கு அந்த நீலத்தைத் தந்தது, மிச்சிகன் ஏரிக்கரையில் ஹூசியர் ஸ்லைடு என்ற மணல்மேட்டின் மணல். சுமார் 200 அடி உயரமிருந்த மேடு 1920 வாக்கில் முழுவதுமாக ரயிலேறிப் போய்விட்டது. அன்று இலையுதிர்காலத்தில் இந்த ஜாடிகளில் பீச்சும் தக்காளியும் பதமாக்கி நிரப்பி நிலவறையில் அடுக்கினார்கள். குளிர்காலச் சாப்பாடே அதுதான். இன்று அதே ஜாடியில் நாலு காய்ந்த தண்டுகள் நிற்கின்றன.

பழையதை வாங்குவதும் அன்று வேறு பொருள் கொண்டிருந்தது. 1902-இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர், வசதியான வீடுகளில் பழந்துணியும் சாமானும் திரட்டி, ஏழைகளைக் கொண்டே பழுதுபார்த்து விற்று, அவர்களுக்குக் கூலி தந்தார். குட்வில் என்ற பழைய சாமான் கடைகள் அப்படித்தான் பிறந்தன. அங்கே வாங்கியவர்கள் வேறு வழியில்லாமல் வாங்கினார்கள். இன்று வசதியுள்ளவர்களும் பையில் சிறு காந்தத்தோடு போகிறார்கள். மெழுகுவர்த்தித் தாங்கியில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம் என்று திருப்பி வைத்துவிடுகிறார்கள். வெட்கம் போனது நல்லதே. ஆனால் அந்தக் கடையையே நம்பி வாழ்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதும் நினைவிருக்க வேண்டும்.

வேலியோரம் வெட்டிவந்து மேன்டலுக்குச் சூட்டும் பிட்டர்ஸ்வீட் கொடியிலும் ஒரு மாற்றம். செம்மஞ்சள் காய் வெடிக்கும் நாட்டுக்கொடி அருகிவருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசியாவிலிருந்து வந்த கொடி மரங்களைச் சுற்றி நெரிக்கிறது. மாசசூசெட்ஸில் அதை விற்கத் தடை இருக்கிறது. பறித்து வந்த மாலையைக் கொல்லையில் எறிந்தாலும் விதை முளைத்துவிடும்.

இதே வாரங்களில்தான் நவராத்திரியும் வருகிறது. அமெரிக்காவில் உள்ள தமிழ் வீடுகளில் பரணிலிருந்து கொலுப்பெட்டி இறங்கும். ஊரில் டிரங்குப் பெட்டிகளை அடுக்கி வேட்டி விரித்துப் படி கட்டியவர்களுக்கும், பழைய பொம்மைகளோடு ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மை சேர்த்தவர்களுக்கும் மேன்டல் காரியம் அந்நியமாகப் படாது.

விறகு சுமக்கும் முதுகுவலி போனது; புகையில் எரிந்த கண்களுக்கு ஓய்வு கிடைத்தது. இலைக்கு மெழுகேற்றவும் ஜாடியை இறுக மூடிப் பதப்படுத்தவும் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. நவம்பர் நாலாம் வியாழன் நன்றி நவிலும் நாள் முடிந்ததும் பலகையைக் காலி செய்வார்கள். தாங்கி அலமாரிக்குப் போகும், ஜாடி பரணுக்குப் போகும். சாயம் பூசிய பூசணி குப்பைக்குத்தான். செதுக்காமல், பூசாமல், கணப்புச் சூடு படாமல் இருந்த பூசணியை வெட்டி, விதையை வறுக்க எடுத்து வைத்துவிட்டு, சதையைச் சூப்புக்கு வேகவைக்கலாம்.